உதவி வராத ஊர்

இல்லாத ஊர் ஒன்றை அளந்து பார்க்க வந்தவளுக்கு, இருக்கிற ஊர்க்காரர்கள் முதலில் சோறு போட்டார்கள். நண்டுக் குழம்பு, ஓரா மீன் வறுவல், அது போதாதென்று ஒரு கிண்ணம் கணவாய்த் தொக்கு. சென்னையிலிருந்து பயணப்பட்டு வந்த களைப்பில் நிலோஃபருக்குப் பாதிச் சாப்பாட்டிலேயே கண் சொக்கியது. ஆனால் இலையைச் சுற்றி நின்ற பெண்கள் அவளை எழுந்திருக்க விடவில்லை.

"சாப்பிடுங்க மேடம். இந்த ஓரா எல்லாம் நாங்க நட்ட புல்லுல மேஞ்ச மீனு. இதையும் உங்க கணக்குல சேத்துக்கங்க" என்றாள் தர்ஷினி.

தர்ஷினிக்கு ஐம்பது வயது. நண்டுவலசைக் கடல்புல் சங்கத்தின் தலைவி. குரல் கொஞ்சம் கட்டை. சிரித்தால் அந்தக் கட்டைக் குரல் கடற்கரை முழுக்கக் கேட்கும். அவள் தலைமையில்தான் அந்த ஊர்ப் பெண்கள் பாக் நீரிணையின் அடியில் ஒரு புல்வெளியை வளர்த்திருந்தார்கள்.

ஒரு காலத்தில் அங்கே கடலடி வழித்து எடுத்த சட்டி போலக் கிடந்தது. இழுவைப் படகுகளின் மடிவலைகள் புல்லையெல்லாம் வேரோடு அரித்துக்கொண்டு போயிருந்தன. புல் போனதும் மீன் போனது, மீன் போனதும் ஆட்கள் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் போனார்கள். அப்போதுதான் வடக்கே பனி கொட்டுகிற ஒரு நாட்டின் அரசாங்கம், ஏழை நாடுகளின் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கிய நிதியில் கொஞ்சத்தை நண்டுவலசைக்கு அனுப்பியது. அந்த நாட்டின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பனிநாடு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பெண்களுக்குப் பயிற்சி கிடைத்தது. மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, கயிற்றில் புல் நாற்றை முடிந்து, சட்டத்தைக் கடலடியில் இறக்கி வைப்பார்கள். கயிறு மக்கும்போது புல் வேர் பிடித்திருக்கும். இப்போது அங்கே கடல்பசு குட்டியோடு வந்து மேய்கிறது.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்திருந்தது. பனிநாட்டுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அதைத் தீர்க்கத்தான் நிலோஃபரைத் தன் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தது. காரைக்கால் பெண். முப்பத்திரண்டு வயது. எண்கள் சரியாக வந்தால் நிம்மதியாகத் தூங்குகிறவள்.

சாயங்காலம் மீன் ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. நிலோஃபர் தான் கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டியை மேசை மேல் வைத்தாள்.

"புல்லுதான் கண்ணு முன்னாடி இருக்கே. பாத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டார் கவின். தர்ஷினியின் கணவர், படகு ஓட்டுகிறவர்.

"புல்லு இருக்குண்ணே. நாங்க உதவி பண்ணலைன்னாலும் அது இருந்திருக்குமான்னு கேக்குறாங்க" என்றாள் நிலோஃபர். "உங்களுக்குக் காய்ச்சல் வருது. மாத்திரை போடுறீங்க. சரியாப் போயிடுது. மாத்திரையாலதான் சரியாச்சா, இல்லை தானாவே சரியாயிருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

கவின் தாடையைச் சொறிந்தார். "மாத்திரை போடாத இன்னொரு கவின் வேணும்."

"ஒரு கவினையே என்னால சமாளிக்க முடியலை" என்றாள் தர்ஷினி. கொட்டகை சிரித்தது.

"அந்த இன்னொரு ஊரைத்தான் இந்தப் பெட்டி செஞ்சு காட்டும்" என்றாள் நிலோஃபர். "இந்தக் கடல், காத்து, புயல், மீன் விலை, யார் யாருக்குச் சொந்தம், யார் எப்ப வெளியூர் போனாங்க, எல்லாம் இதுக்குத் தெரியும். உதவி வந்த அந்த வருஷத்துக்குத் திரும்பிப் போய், ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தும். நண்டுவலசைக்கு உதவி வரலை. அதுலருந்து இன்னைக்கு வரைக்கும் என்ன நடந்திருக்கும்னு ஓட்டிப் பாக்கும். ரெண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம்தான் பனிநாடு குடுத்த உதவியோட பலன்."

"வித்தியாசம் கம்மியா வந்தா?" என்று கேட்டார் கவின்.

அடுத்த கட்ட உதவிக்காகத் தெற்கே பல ஊர்கள் காத்திருந்தன. வரிசையில் முதல் ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேதுக்குடி. பலன் போதாது என்று தெரிந்தால் பனிநாடு அந்த நிதியை வேறு கண்டத்துக்குத் திருப்பிவிடும்.

"அடுத்த உதவி யாருக்கும் கிடைக்காது" என்றாள் நிலோஃபர்.

*

உதவி பெற்றவர்களுக்கு முடிவைப் பார்க்கும் உரிமை உண்டு என்பது பனிநாட்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதியவர்கள் நண்டுவலசைக்கு வந்து பார்த்ததில்லை. மறுநாள் மத்தியானம் ஏலக் கொட்டகையில் வெள்ளைத் துணி கட்டி, பெட்டிக்குள் இருந்த ஊரை அதில் காட்டியபோது ஒருத்தரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் வீட்டைத்தான் தேடினார்கள்.

பெட்டி முகங்களைக் காட்டாது. மனிதர்கள் மாவில் பிடித்து வைத்தது போல நடமாடினார்கள். ஆனால் வீட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

"எங்க வீட்டு மாடி எங்கே?"

"நீ மாடி கட்டலைடி. அந்த ஊர்ல ஓலைதான்."

"என்னைக் காணோமே. நான் செத்துட்டனா?"

நிலோஃபர் அவசரமாகத் தட்டிப் பார்த்தாள். "இல்லைண்ணே, நீங்க போர்ட் பிளேர்ல இருக்கீங்க. பரோட்டாக் கடை வச்சிருக்கீங்க. ரெண்டு கடை."

கேட்டவர் கவின்தான். ரெண்டு கடை என்றதும் அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அன்று முழுக்க அவர் நடையில் ஒரு முதலாளித்தனம் தெரிந்ததாகத் தர்ஷினி பிறகு சொன்னாள்.

சிரிப்பும் சச்சரவுமாக ஒரு மணி நேரம் போன பிறகுதான் நிலோஃபர் கடலடியைத் துணியில் விரித்தாள். இந்தப் பக்கம் நிஜ நண்டுவலசையின் கடல். அந்தப் பக்கம் உதவி வராத நண்டுவலசையின் கடல். இரண்டிலும் புல். இரண்டிலும் ஒரே பச்சை. கீழே பெட்டி எழுதிய விடை: வித்தியாசம் இல்லை.

பின்னாலிருந்து ஒருவர் தொடையைத் தட்டினார். "அப்படிப் போடு. அவங்க காசு இல்லாட்டியும் நாமளே நட்டிருப்போம். நம்ம ஊருன்னா சும்மாவா?" பலர் தலையாட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு விலை தெற்கே உள்ள ஊர்கள் கொடுக்க வேண்டும் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

தர்ஷினி மட்டும் தலையாட்டவில்லை. "அது எப்படி மேடம்? பனிநாட்டு ஆளுங்க வந்து காட்டுற வரைக்கும் புல்லை நடலாம்னே எனக்குத் தெரியாது. அந்த ஊர்ல எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? என் வீட்டைக் காட்டுங்க."

நிலோஃபர் காட்டினாள். மாவுப் பொம்மை போன்ற ஒரு பெண் காலையில் தூக்குவாளியோடு வீட்டை விட்டு வெளியே வந்தாள். கடற்கரையோடு தெற்கே நடந்தாள். ஓடை மண்மேட்டைத் தாண்டினாள். மறுநாளும் அதேபோலப் போனாள். அதற்கு மறுநாளும்.

"எங்கே போறீங்க அக்கா?" என்று நிலோஃபர் கேட்டாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தர்ஷினியின் உடன்பிறந்த தங்கை ஓவியா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காளும் தங்கையும் பேசிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

கதையைக் கவின்தான் தணிந்த குரலில் சொன்னார். உதவி ஒரே ஒரு ஊருக்குத்தான் என்று பனிநாடு சொன்னபோது, நண்டுவலசையும் சேதுக்குடியும் போட்டி போட்டன. நண்டுவலசை ஜெயித்தது. புல் நட்ட இடத்தில் வெளியூர்ப் படகு வலை போடக் கூடாது என்று திட்டத்தில் ஒரு விதி இருந்தது. முதல் வருடமே அந்த விதியில் மாட்டியது ஓவியாவின் கணவன் நிதிஷின் வலை. பறிமுதல் செய்த சங்கத்துக்குத் தலைவி தர்ஷினி. வலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று பேசிய பேச்சை யாரும் திருப்பி வாங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் நின்று போனது.

நிலோஃபர் பெட்டிக்குள் இருந்த சேதுக்குடியைத் திறந்து பார்த்தாள். ஊர் முகப்பில் பனிநாட்டின் பெயர்ப்பலகை நின்றது. அவளுக்கு விஷயம் புரிந்தது.

"பெட்டி ஒண்ணை மட்டும்தான் மாத்தும்னு சொன்னேன்ல. உங்களுக்கு உதவி வரலைன்னுதான் மாத்திச்சு. பனிநாடு உதவியே பண்ணலைன்னு மாத்தலை. உங்களுக்குக் கிடைக்கலைன்னா வரிசையில அடுத்த ஊருக்குப் போயிருக்கும். சேதுக்குடிக்கு."

"சேதுக்குடிக்காரங்களுக்குக் கிடைச்சிருந்தா நாங்க சும்மா விட்டிருப்பமா?" என்றது பின்னாலிருந்த குரல்.

"விடலை. அதான் தெரியுதே. அக்கா போய்க் கத்துக்கிட்டு வந்துட்டாங்க."

துணியில் இரண்டு மாவுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நார்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவள் முகத்தில் தண்ணீரை அடித்தாள். மற்றவள் திருப்பி அடித்தாள். முகமில்லாத உருவங்கள்தான். ஆனாலும் எது அக்காள், எது தங்கை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்றாள் தர்ஷினி. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

*

அன்று சாயங்காலம் நிலோஃபர் தர்ஷினியை வலை உலர்த்தும் மணலில் கண்டுபிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். அந்த ஊர்ல நீங்க அவங்ககிட்ட கத்துக்கிட்டீங்க. அப்ப இந்த ஊர்ல அவங்க உங்ககிட்ட கத்துக்கிட்டிருக்கணுமே?"

"முகம் குடுத்தே பேசுறதில்லை. எங்கிருந்து கத்துக்குறது?"

"பேசாமலும் கத்துக்கலாம்ல. சேதுக்குடித் தண்ணியில புல்லு இருக்கான்னு யாராவது பாத்திருக்காங்களா?"

"வானத்துல சுத்துற உங்க செயற்கைக்கோள் எல்லாம் பாக்காதா?"

"இந்தத் தண்ணி கலங்கல். மேலேருந்து அடி தெரியாது. அளவுக் கம்பம் நட்டது உங்க எல்லைக்குள்ள மட்டும்தான். சேதுக்குடியில புல் இல்லைன்னு பழைய ஆய்வுல இருக்கு. பெட்டி அதையேதான் இன்னைக்கும் நம்புது."

தர்ஷினி மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டினாள். "அவ முகத்துல முழிக்கணுமா நான்?"

"தண்ணியைப் பாத்தாப் போதும். முகத்தைப் பாக்க வேண்டாம்."

"நீங்க பொய் சொல்றீங்க."

"ஆமா" என்றாள் நிலோஃபர். தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் கவின் படகை எடுத்தார். ஓடை முகத்தைத் தாண்டியதும் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. நிலோஃபர் முனையில் உணர்கருவி பொருத்திய அளவுகோலைத் தண்ணீரில் இறக்கினாள். கையிலிருந்த திரையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் அங்கொன்று இங்கொன்று, பிறகு கொத்துக் கொத்தாக, பிறகு திரை முழுவதும். கோல் பழுதாகிவிட்டதோ என்று அவள் அதைத் தட்டிப் பார்த்தாள்.

தர்ஷினி காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தாள். மேலே வந்தபோது கையில் ஒரு பிடி புல்லும், மக்கிக்கொண்டிருந்த ஒரு துண்டு நார்க் கயிறும் இருந்தன. கயிற்றில் ஒரு முடிச்சு.

"இது என் முடிச்சு" என்றாள். "பனிநாட்டுக்காரங்க சொல்லிக் குடுத்தது அவுந்துக்கிட்டே இருந்துச்சுன்னு நான் மாத்துனது. இந்தக் கடல்ல வேற யாருக்கும் தெரியாது."

கரையிலிருந்து பெண்கள் தண்ணீருக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவளைப் பார்த்ததும் தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். கழுத்தளவு கடலில் நின்றுகொண்டு முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியவில்லை.

ஓவியா அக்காவைவிட உயரம். அதே கட்டைக் குரல். "எங்க எல்லையில உனக்கென்ன வேலை?"

"யாருடி உனக்குக் கத்துக் குடுத்தது?"

"யாரும் கத்துக் குடுக்கலை."

"முடிச்சு என்னோடது."

"கயிறு எங்களோடது."

"நாத்து?"

"புயலுக்குப் பிஞ்சு எங்க கரையில வந்து ஒதுங்குச்சு. குப்பைன்னு வாரிக் கொட்டவா? எங்க கரைக்கு வந்தது எங்களுது."

"முடிச்சு எப்படிடி வந்துச்சு? அதுவும் ஒதுங்குச்சா?"

சுற்றி நின்ற பெண்கள் கீழே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொல்லிடுக்கா" என்றாள் அவள். "நம்ம அந்தமான் ராணிதான்னு சொல்லிடு."

நிலோஃபருக்குப் புரியவில்லை. தர்ஷினிக்குப் புரிந்தது. புல் நடும் முறையைப் படம் பிடித்துப் பொதுவில் போட வேண்டும் என்பது திட்டத்தின் இன்னொரு விதி. அந்தக் காணொளிகளைப் பார்க்க ஆளே கிடையாது. ஒரே ஒருத்தி தவிர. அந்தமான் ராணி என்ற பெயரில் அவள் மட்டும் விடாமல் பார்த்தாள், விடாமல் சந்தேகம் கேட்டாள். கயிறு எத்தனை முழம், சட்டத்தை அலையில் எப்படிப் பிடிப்பது, வெயில் காலத்தில் நாற்று கறுத்தால் என்ன செய்வது. தர்ஷினியும் பொறுமையாகப் பதில் போட்டாள். பார்க்காத அந்தப் பெண் மேல் அவளுக்கு ஒரு தனிப் பாசமே வந்திருந்தது. போன வருடம் தர்ஷினி தனக்கு மூட்டு வலி என்று எழுதியபோது, எந்த எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று அந்தமான் ராணிதான் சொன்னாள்.

"அந்த எண்ணெய் நம்ம அம்மா தேச்சு விடுறதாச்சே" என்றாள் தர்ஷினி மெதுவாக. "நான் அப்பவே யோசிச்சிருக்கணும்."

"யோசிச்சிருந்தா பதில் போட்டிருப்பியா?"

"எப்படிடி போட்டிருப்பேன்?"

"அதான் சொல்லலை."

தர்ஷினி கையிலிருந்த புல்லைத் தங்கையின் முகத்தில் எறிந்தாள். ஓவியா தண்ணீரை வாரி அடித்தாள். படகிலிருந்த கவின், தன் மனைவியும் மைத்துனியும் சண்டை போடுகிறார்களா, சமாதானம் ஆகிறார்களா என்று தெரியாமல் துடுப்பைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். அவருக்கும் நிம்மதியாயிற்று.

*

நிம்மதி மத்தியானம் வரைதான்.

சேதுக்குடியின் படகு கட்டும் கொட்டகையில் அந்த ஊர் கூடியது. நிலோஃபர் மகிழ்ச்சியாக இருந்தாள். கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது. நண்டுவலசைக்குக் கொடுத்த உதவி இரண்டு ஊர்க் கடலில் முளைத்திருக்கிறது. பெட்டி காட்டிய புல்லும் பக்கத்து ஊருக்கு வந்த உதவியால்தான் என்பதற்கு அந்த முடிச்சே சாட்சி. பலன் பூஜ்யம் இல்லை, இரட்டிப்பு. இதை எழுதி அனுப்பினால் தெற்கு ஊர்களுக்கு உதவி நிச்சயம்.

"எழுதாதீங்க" என்றார் நிதிஷ்.

"ஏண்ணே?"

"அடுத்த கட்டத்துல முதல் ஊரு நாங்க. ஏன்? எங்க கடல்ல புல்லு இல்லைங்கிறதால. இருக்குன்னு எழுதிட்டா எங்களை வரிசையிலருந்து தூக்கிருவாங்க. உதவியோட ஐஸ் அறை வரும், பாலம் வரும். நண்டுவலசைக்காரன் மீனை ஐஸ்ல வச்சு விக்கிறான். நாங்க வெயில்ல வச்சுப் பாதி விலைக்குத் தள்ளுறோம். இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தது அதுக்குத்தான்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் யாரையும் ஏமாற்றிப் பிழைக்கவில்லை. தாங்களே நட்டு வளர்த்ததை மறைத்தால்தான் உதவி கிடைக்கும் என்று ஒரு விதி சொன்னது, மறைத்தார்கள். நிலோஃபர் எழுதாவிட்டால் பலன் பூஜ்யம், யாருக்கும் உதவி கிடையாது. எழுதினால் தெற்கே எல்லோருக்கும் கிடைக்கும், புல்லை நட்ட சேதுக்குடிக்கு மட்டும் கிடைக்காது. அவள் எண்ணில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நான் பாத்ததை எழுதாம இருக்க முடியாது" என்றாள். "ஆனா உங்ககிட்ட கேக்காமலும் எழுத மனசு வரலை."

ரொம்ப நேரம் பேசினார்கள். கத்தினார்கள். தேநீர் வந்தது. திரும்பவும் கத்தினார்கள். கடைசியில் ஓவியா எழுந்தாள்.

"நமக்கு வரலைன்னு நாம வயிறு எரிஞ்சது மறந்துபோச்சா? இப்ப நாம வாயை மூடிக்கிட்டா, தெக்கே இருக்கிற அத்தனை ஊரும் நம்மளைப் பாத்து வயிறு எரியணும். ஐஸுக்கு என்ன, எங்க அக்கா ஊர்ல இருக்கு."

எல்லோரும் தர்ஷினியைப் பார்த்தார்கள். நண்டுவலசை ஐஸ் அறையில் வெளியூர் மீனுக்கு இடமில்லை என்ற விதியை எழுதியதும் அவள்தான்.

"நான் போட்ட விதிதானே" என்றாள் தர்ஷினி. "நானே எடுத்துடுறேன். ஆனா நிதிஷ் மாப்பிள்ளை வலையைப் பறிச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அன்னைக்கு அவர் பேசுனது அப்படி."

"நானும் கேக்கலை" என்றார் நிதிஷ். "மீனை எப்ப கொண்டு வரலாம்?"

*

அறிக்கை பனிநாட்டுக்குப் போனது. அங்கே அதைப் படித்த அதிகாரி ஹால்வர் நல்ல மனிதர். வெளுத்த புருவம், மென்மையான பேச்சு. இரண்டாம் நாளே திரையில் வந்தார்.

"நிலோஃபர், இது அருமையான கண்டுபிடிப்பு. ஒரு ஊருக்குக் கொடுத்தால் பக்கத்து ஊர் பொறாமையில் தானாகவே செய்துகொள்கிறது. அப்படியானால் எல்லா ஊருக்கும் எதற்குக் கொடுக்க வேண்டும்? ஒன்று விட்டு ஒன்றுக்குக் கொடுப்போம். பாதிச் செலவில் அதே புல்."

நிலோஃபர் எதைச் சொல்ல நினைத்தாளோ அதன் நேர்மாறான பொருள் அவருடைய காதில் விழுந்திருந்தது.

அன்றே அவள் அந்தத் திட்டத்தைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தாள். புல் நன்றாகத்தான் வளர்ந்தது. கரையோடு நடந்து போகிற மாவு மனிதர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். ஓடைகளைத் தாண்டிக் கல்யாண ஊர்வலம் போகவில்லை. ஒரு ஊர்த் திருவிழாவுக்கு அடுத்த ஊர் வரவில்லை. அவள் அதை ஹால்வருக்குக் காட்டினாள்.

அவர் வருத்தத்தோடு பார்த்தார். உண்மையான வருத்தம்தான். "எனக்குப் புரிகிறது. ஆனால் இது சுற்றுச்சூழல் நிதி. இதில் கல்யாணங்களுக்கு இடம் இல்லையே."

நண்டுவலசைக்குப் போய் அதைச் சொல்ல அவளுக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனாள். அக்காளும் தங்கையும் ஐஸ் அறை வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். முழுவதையும் கேட்டார்கள்.

"ஒண்ணு விட்டு ஒண்ணா?" என்றாள் ஓவியா. "அப்ப ஊருக்கு ஊரு நம்மளை மாதிரியே முறைச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"அவங்க கணக்குப்படி அப்பத்தான் புல்லு நல்லா வரும்" என்றாள் நிலோஃபர்.

தர்ஷினி ஒரு இறாலை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள். "குடுக்கிறவங்க ஒண்ணு விட்டு ஒண்ணு குடுக்கட்டும், நிலோ. வாங்குறவங்க ரெண்டு ரெண்டு ஊராச் சேந்து வாங்கிக்கிட்டா அவங்க என்ன செய்வாங்க?"

மறுவாரமே கவின் படகு தெற்கே கிளம்பியது. அக்காளும் தங்கையும் ஒவ்வொரு ஊராக இறங்கினார்கள். முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் தங்கள் சண்டையை ஒன்று விடாமல் சொன்னார்கள். சொல்லும்போதே நடுவில் அது உன் தப்பு, இது உன் தப்பு என்று புதிதாக வேறு சண்டை போட்டார்கள். கேட்டவர்களுக்குப் பாடம் நன்றாகவே பதிந்தது.

*

மறு வருடம் ஹால்வர் நேரிலேயே வந்தார். உப்புத்துறை, பனைத்திட்டு என்று அடுத்தடுத்த இரண்டு ஊர்கள். உதவி கிடைத்தது உப்புத்துறைக்கு. பனைத்திட்டு, கிடைக்காத ஊர். இரண்டையும் தம் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார். மொழிபெயர்க்க நிலோஃபர் கூட வந்திருந்தாள்.

கடற்கரையில் பெரிய கூட்டம். மேளம் வேறு. பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். புது ஐஸ் அறை இரண்டு ஊருக்கும் எல்லையான மணல்மேட்டின் உச்சியில் நின்றது. அதற்கு வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல். தண்ணீரில் மூங்கில் சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றே இல்லை. கரையில் யாரோ யாருக்கோ கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹால்வர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். எதிரே நின்ற ஒரு பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டார். நிலோஃபர் அதைத் தமிழில் சொன்னாள்.

"உதவி வந்த ஊர் எது, வராத ஊர் எதுன்னு கேக்குறார்க்கா."

அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்தாள். ஒருத்தி வடக்கே கையைக் காட்டினாள், இன்னொருத்தி தெற்கே. பின்னால் நின்ற மூன்றாமவள் நேரே கடலைக் காட்டினாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று ஹால்வர் கேட்டார்.

நிலோஃபர் தன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பதிலையும் மாற்றிச் சொன்னதில்லை. அன்றும் மாற்றிச் சொல்லவில்லை.

"அவங்களுக்கே தெரியலையாம், சார்" என்றாள்.

ஹால்வர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, காலணியைக் கழற்றி, முழுக்கால் சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். யாரோ அவர் கையில் நாற்று முடிந்த கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்தார்கள்.